கவனக்குறைவு என்னும் தீர்ப்பு: ஆலைப் பாதுகாப்பு இயக்கத்தின் வரலாறு

தொழிற்சாலை விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்னும் எண்ணம், இயந்திரத் தொழில் வளரத் தொடங்கிய நாளிலிருந்தே முதலாளிகளிடமும் நீதிமன்றங்களிடமும் வேரூன்றியிருந்தது. அந்தக் கவனத்தைத் திட்டமிட்டு வளர்க்க முடியும், அதற்குப் பயிற்சியும் அறிவிப்புப் பலகையும் குழுவும் பாராட்டும் வேண்டும் என்னும் எண்ணமோ இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில்தான் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. அது பிறந்த இடம் அமெரிக்காவின் எஃகு ஆலைகளும் ரயில் பாதைகளும் ஆகும். அதன் கிளைகள் இன்று தமிழ்நாட்டின் ஆலை வாயில்களில் தொங்கும் பாதுகாப்புப் பலகைகள் வரை நீண்டிருக்கின்றன. அந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கையில் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தென்படுகிறது. தொழிலாளியின் நடத்தையைத் திருத்தும் முயற்சி பலித்த இடங்களில், பெரும்பாலும் அதற்கு முன்பே முதலாளியின் நடத்தை சட்டத்தாலோ செலவுக் கணக்காலோ திருத்தப்பட்டிருந்தது.

இதற்கு விதிவிலக்குப் போலத் தோன்றும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரான்சிலிருந்து குடியேறிய டூபான்ட் குடும்பத்தார் 1802இல் டெலவேர் மாநிலத்தின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலையைத் தொடங்கியபோது, அரவைக் கட்டடங்களின் மூன்று பக்கங்களைத் தடித்த கல் சுவர்களாகவும், ஆற்றை நோக்கிய நான்காம் பக்கத்தையும் கூரையையும் இலேசாகவும் அமைத்தனர். மருந்து வெடித்தால் அதன் வீச்சு ஆற்றின் பக்கம் போகும், அடுத்த கட்டடத்தைத் தாக்காது என்பது கணக்கு. தீப்பொறி எழுப்பக்கூடிய எதையும் உள்ளே கொண்டுவரத் தடை இருந்தது. காலணிகளில் இரும்பு ஆணிக்குப் பதிலாக மர ஆணியே அடிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 1818 மார்ச் 19 அன்று நிகழ்ந்த வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களின் மனைவியருக்கு ஓய்வூதியமும் குடியிருக்க வீடும் தரப்பட்டன. இந்த அக்கறைக்கு நல்லெண்ணம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் குடும்பத்தாரின் வீடே ஆலைக்கு அருகில், அதே வெடிப்பின் எல்லைக்குள் இருந்தது என்பதையும், 1857இல் நேர்ந்த ஒரு வெடிப்பில் அலெக்சிஸ் டூபான்ட் என்னும் குடும்ப உறுப்பினரே உயிரிழந்தார் என்பதையும் மறந்துவிடலாகாது. ஆபத்தை முதலாளியும் பகிர்ந்துகொண்ட இடத்தில் விதிகள் தாமாகவே கடுமையாயின.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பாலான ஆலைகளில் முதலாளிக்கு அத்தகைய ஆபத்து எதுவும் இல்லை. உயிராபத்து இல்லாதது போலவே பண ஆபத்தும் இல்லாமல் பார்த்துக்கொண்டவை நீதிமன்றங்கள். இங்கிலாந்தில் 1837இல் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கிலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1842இல் ஃபார்வெல் என்னும் ரயில் எஞ்சின் ஓட்டுநரின் வழக்கிலும் வழங்கப்பட்ட தீர்ப்புகள் இதற்கு அடித்தளமிட்டன. ஃபார்வெலின் எஞ்சின் தடம் புரண்டதற்குப் பாதை மாற்றும் ஊழியர் ஒருவரின் தவறே காரணம். அந்த விபத்தில் ஃபார்வெல் வலக்கையை இழந்தார். தலைமை நீதிபதி லெமுவல் ஷா, ஆபத்தான வேலைக்கு அதற்கேற்ற கூலியும் கூடவே வருகிறது, ஆபத்தை அறிந்தே தொழிலாளி அதை ஏற்கிறார், உடன் வேலை செய்பவரின் தவறுக்கு முதலாளி பொறுப்பாக மாட்டார் என்று முடிவு செய்தார். சக ஊழியர் விதி, ஆபத்தை ஏற்றல், பங்களிப்புக் கவனக்குறைவு என்ற மூன்று கோட்பாடுகள் இவ்வாறு நிலைபெற்றன. மூன்றாவது கோட்பாட்டின்படி, விபத்தில் தொழிலாளியின் தவறு சிறிதளவு கலந்திருந்தாலும், முதலாளியின் தவறு எவ்வளவு பெரிதானாலும், இழப்பீட்டு உரிமை முற்றாக அற்றுப்போகும். ஆகவே ஒவ்வொரு விபத்திலும் அந்தச் சிறிதளவு தவறைக் கண்டுபிடிப்பது நிறுவன வழக்கறிஞர்களின் முதல் வேலையாயிற்று. கவனக்குறைவு என்னும் விளக்கம் பொறியியல் ஆய்வின் முடிவாகத் தோன்றியதன்று, வழக்கு மன்றத்தின் தேவைக்காக வளர்ந்தது என்பது பின்வந்த அனைத்தையும் புரிந்துகொள்ள உதவும்.

இக்கோட்பாடுகளின் விலையை அன்றைய அமெரிக்கச் சரக்கு ரயில்களில் வேலைபார்த்த பிரேக்மேன்களின் கைகளே காட்டின. வண்டிப் பெட்டிகளை இணைக்க அப்போது வளையமும் ஆணியும் கொண்ட கப்ளிங் முறை வழக்கில் இருந்தது. ஒரு பெட்டியின் முனையில் தொங்கும் நீள் இரும்பு வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிரே மெல்ல உருண்டு வரும் பெட்டியின் துளைக்குள் அதைச் சரியாக நுழைத்து, இரும்புகள் மோதும் கணத்துக்கு முன் கையை உருவிக்கொண்டு, மேலிருந்து ஆணியைச் செருக வேண்டும். இரவிலும் மழையிலும் பனியிலும் இதே வேலைதான். நீண்ட காலம் வேலைபார்த்தவர் என்பதற்கு விரல் இல்லாத கையே அடையாளம் என்று ரயில் தொழிலில் சொல்லப்பட்டது. கையால் தொடாமல் தடியால் வளையத்தைத் தாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி எழுதி வைத்திருந்தன. ஆனால் தடியைக் கொண்டு இணைத்தால் நேரம் ஆகும், தாமதத்தை யார்டு மேற்பார்வையாளர் பொறுக்க மாட்டார் என்பதால், விதியை மீறினாலன்றி வேலை நடவாது என்ற நிலையே நிலவியது. விரல் போன பின் அதே விதிப் புத்தகம் தொழிலாளிக்கு எதிரான சாட்சியாக நீதிமன்றத்தில் நின்றது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. எலி ஜானி என்பவர் 1873இலேயே, வளைந்த விரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது போல மோதிய உடனே தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் 1869இலேயே வந்துவிட்டது. ஆயினும் ஓடும் சரக்கு வண்டிகளின் கூரைமேல் நடந்து கைச்சக்கரத்தைத் திருகி பிரேக் போடும் வழக்கம் மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது, ஏனெனில் புதிய கருவிக்குப் பணம் செலவாகும், தொழிலாளியின் விரலுக்கு ஆகாது. லொரென்சோ காஃபின் என்னும் அயோவா மாநிலத்தவர் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று வாதாடியதன் பின், 1893 மார்ச்சில் ரயில் பாதுகாப்புக் கருவிச் சட்டம் நிறைவேறிற்று. நிறுவனங்கள் அவகாசம் கேட்டுக் கேட்டு 1900 ஆகஸ்டு வரை இழுத்தடித்த பின்னரே அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கப்ளிங் விபத்துகள் அதன்பின் பெருமளவு குறைந்தன. பிரேக்மேன்கள் திடீரென்று கவனசாலிகளாகிவிடவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் நிற்க வேண்டிய தேவை போயிற்று, அவ்வளவே. இன்றைய இந்திய ரயில்வேயின் சரக்குப் பெட்டிகளில் உள்ள கப்ளரும் ஜானியின் அடிப்படையிலேயே இயங்குகிறது.

ரயில் தொழிலைப் போலவே மனித உயிரை அதிகம் விழுங்கியவை எஃகு ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் ஆகும். இவற்றின் கணக்கை முதன்முறையாக ஓர் ஊரளவில் முறைப்படி எடுத்தவர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்னும் இளம் பெண் வழக்கறிஞர். ரசல் சேஜ் அறக்கட்டளையின் பொருளுதவியோடு நடந்த பிட்ஸ்பர்க் ஆய்வின் ஒரு பகுதியாக, அந்நகரம் அடங்கிய அலகெனி கவுன்டியில் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை வேலையிடத்தில் மாண்ட ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் விசாரித்தார். ஓராண்டில் இறந்தோர் 526 பேர். அவர்களில் 195 பேர் எஃகுத் தொழிலாளர், 125 பேர் ரயில் தொழிலாளர், 71 பேர் சுரங்கத் தொழிலாளர். 1910இல் வெளியான அவருடைய நூல், எண்ணிக்கையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியை அவர் எழுப்பினார். தொண்ணூற்றைந்து விழுக்காடு விபத்துகளுக்கு அடிபட்டவனே காரணம் என்று அனுபவம் மிக்க மேலாளர்கள் உறுதியாகச் சொன்னதை, தனித்தனிச் சம்பவங்களின் விவரத்தை வைத்துச் சோதித்தார்.

அச்சோதனையின் விளைவு மேலாளர்களின் கூற்றுக்கு ஒத்துவரவில்லை. கணிசமான பகுதி விபத்துகளில் முதலாளிக்கோ மேற்பார்வையாளருக்கோ பங்கு இருந்தது. தொழிலாளியின் தவறு எனப் பதிவானவற்றிலும் அந்தத் தவறுக்குப் பின்னணியாக நின்றவற்றை ஈஸ்ட்மன் எடுத்துக்காட்டினார்: இளம் வயது, புதிதாக வந்து மொழி தெரியாத நிலை, களைப்பு, ஆபத்துடனேயே நாள் முழுதும் பழகியதால் வரும் மரத்துப்போன மனம், வேகத்தை வற்புறுத்தும் உற்பத்தி முறை. அன்றைய எஃகு ஆலையில் வேலைநாள் 12 மணி நேரம். பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும்போது இரு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரம் உலையருகே நிற்க வேண்டும். இருபதாம் மணி நேரத்தில் உருகிய எஃகு நிறைந்த கொப்பரை தலைக்கு மேல் கிரேனில் நகரும்போது ஒருவன் அண்ணாந்து பார்க்கத் தவறினால், அதைக் கவனக்குறைவு என்று பெயரிடுவது அநீதி என்பதை அவருடைய நூல் எளிதில் மறுக்க முடியாத வகையில் நிறுவியது. மணமான ஆண்கள் இறந்த குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கிடைத்த தொகை 100 டாலரோ அதற்கும் குறைவோதான், அல்லது ஒன்றுமே இல்லை. லூயிஸ் ஹைன் எடுத்த ஊனமுற்றோரின் புகைப்படங்களும் அந்த ஆய்வோடு சேர்ந்து வெளியாகி நாட்டின் மனச்சாட்சியை உலுக்கின.

சட்டம் மாறத் தொடங்கியது. யாருடைய தவறு என்று பாராமல், வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்னும் கொள்கையை ஜெர்மனி 1884இலும் பிரிட்டன் 1897இலும் ஏற்றிருந்தன. நியூயார்க் மாநிலம் 1910இல் இயற்றிய இத்தகைய சட்டத்தை அம்மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாது என்று தள்ளிற்று. மறுநாள், மார்ச் 25 அன்று, அதே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் தையல் ஆலை தீப்பற்றி 146 பேர் மாண்டனர். அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலம் இயற்றிய இழப்பீட்டுச் சட்டம் நீதிமன்றச் சோதனையில் நிலைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பான்மையான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. இம்மாற்றத்தின் விளைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதுவரை ஒரு விபத்தைத் தடுப்பது செலவு, நிகழவிடுவது இலவசம். அதன்பின் நிகழ்ந்த ஒவ்வொரு விபத்துக்கும் காப்பீட்டுக் கட்டணத்தில் விலை இருந்தது.

பாதுகாப்பே முதன்மை என்னும் முழக்கம் இந்தச் சூழலில்தான் பரவியது. யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம், பத்திரிகைகளின் கண்டனத்தாலும் வரப்போகும் சட்டத்தின் அச்சத்தாலும் உந்தப்பட்டு, 1908இல் தன் துணை நிறுவனங்கள் அனைத்துக்குமான பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 1910இல் தானாகவே ஒரு விபத்து நிவாரணத் திட்டத்தையும் கொண்டுவந்தது. அதே 1910இல் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் ரால்ஃப் ரிச்சர்ட்ஸ் என்பவர் தொழிலாளரைக் கொண்ட பாதுகாப்புக் குழுக்களைத் தொடங்கினார். விபத்துக் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்கும் அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்தவர் அவர் என்பது கவனத்துக்குரியது. 1912இல் மில்வாக்கி நகரில் முதல் பாதுகாப்பு மாநாடு கூடிற்று. அதன் வழியே 1913இல் உருவான அமைப்பே பின்னர் தேசியப் பாதுகாப்புக் குழுமம் எனப் பெயர் பெற்றது.

இந்த முதல் தலைமுறைப் பாதுகாப்புப் பணியாளர்கள் செய்தவற்றில் இரண்டு வகை வேலை ஒன்றோடொன்று கலந்திருந்தது. ஒருபுறம் சுழலும் பல்சக்கரங்களுக்கும் பெல்ட்டுகளுக்கும் மூடி போடுதல், மேடைகளுக்குக் கைப்பிடிக் கம்பி அமைத்தல், வெளிச்சம் கூட்டுதல் ஆகிய உறுதியான வேலைகள். மறுபுறம் பல மொழிகளில் எழுதிய எச்சரிக்கைப் பலகைகள், சொற்பொழிவுகள், துறைகளுக்கிடையே போட்டிகள், திரைப்படங்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கும் ஒரு குடியேறி ஆலையில் பாதுகாப்பைக் கற்று நல்ல அமெரிக்கனாகிறான் என்று காட்டும் படத்தை யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் 1913இல் எடுத்துப் பரப்பிற்று. இவ்விரு வகைகளில் எதனால் எவ்வளவு பயன் விளைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பலகையும் படமும் ஊருக்கெல்லாம் தெரிந்தன, மூடியும் கம்பியும் ஆலைக்குள் மட்டும் தெரிந்தன. எனவே மக்கள் நினைவில் அவ்வியக்கம் அறிவுரை இயக்கமாகவே தங்கிவிட்டது. இத்தனை பலகைகளையும் மாட்டிய அதே நிறுவனம், 12 மணி நேர வேலைநாளை 1923 வரை கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே அதன் பெருமையை எடைபோட வேண்டும்.

அறிவுரை இயக்கத்துக்கு அறிவியல் தோற்றம் தந்தவர் ஹெர்பர்ட் ஹைன்ரிச். டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் அலுவலராக இருந்த அவர், 1931இல் தொழில் விபத்துத் தடுப்பைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். காப்பீட்டுக் கோப்புகளிலிருந்து 12,000, ஆலை உரிமையாளர்களின் பதிவுகளிலிருந்து 63,000 என மொத்தம் 75,000 விபத்துகளை ஆராய்ந்து, அவற்றில் 88 விழுக்காடு தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களாலும், 10 விழுக்காடு பாதுகாப்பற்ற இயந்திர நிலைமைகளாலும், 2 விழுக்காடு தடுக்கவியலாத காரணங்களாலும் நேர்ந்தவை என்று அவர் அறிவித்தார். கடுங்காயம் விளைவிக்கும் ஒரு விபத்துக்குப் பின்னால் சிறுகாயம் தரும் 29 விபத்துகளும், காயமே இல்லாத 300 நிகழ்வுகளும் இருக்கும் என்னும் அவருடைய மற்றொரு விகிதம், முக்கோண வடிவில் வரையப்பட்டு உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் இடம்பெற்றது. அடுத்தடுத்து நிறுத்திய டாமினோ கட்டைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை விழா என்னும் அவருடைய உருவகமும் அவ்வாறே பரவிற்று.

இந்த 88 என்ற எண்ணைப் போல ஆலை நிர்வாகங்களின் நாவில் நீண்டகாலம் நிலைத்த எண் வேறில்லை. அது எவ்வாறு கிடைத்தது என்று கேட்டவர்களோ மிகச் சிலர். ஹைன்ரிச் ஆராய்ந்தவை விபத்துகள் அல்ல, விபத்துகளைப் பற்றி நிரப்பப்பட்ட படிவங்கள். படிவத்தை நிரப்பியவர் பெரும்பாலும் மேற்பார்வையாளர். ஒவ்வொரு விபத்துக்கும் செயல், நிலைமை என்ற இரண்டில் ஏதேனும் ஒன்றே காரணமாகக் குறிக்கப்பட்டது. இயந்திரத்தில் மூடி இல்லை, கூடவே தொழிலாளி கையை நீட்டினார் என்றால், கடைசியாக நடந்த கை நீட்டலே காரணமாகும். மூலக் கோப்புகள் பாதுகாக்கப்படாததால் பிற்கால ஆய்வாளர்களால் அக்கணக்கைத் திரும்பச் சரிபார்க்கவும் முடியவில்லை. ஈஸ்ட்மன் நேரில் விசாரித்துத் தகர்த்த தொண்ணூற்றைந்து விழுக்காடு, இருபது ஆண்டுகள் கழித்து எண்பத்தெட்டாகக் குறைந்து, அறிவியல் உடையணிந்து திரும்பி வந்தது என்றே கொள்ள வேண்டும். ஹைன்ரிச்சுக்கு நீதி செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காரணம் மனிதத் தவறானாலும் தீர்வு பல வேளைகளில் இயந்திரத்தை மாற்றுவதே என்று அவர் வலியுறுத்தினார். ஆனால் அவரைப் படித்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு அறிவுரையை விட்டுவிட்டனர்.

அந்த எண் எதை மறைக்கிறது என்பதைத் தகட்டு உலோகத்தை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ் ஒன்றின் முன் நின்றால் அறியலாம். அச்சு கீழிறங்கும் இடத்தில் கை இருக்கக் கூடாது என்பதற்காகவே இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி இயங்காத ஏற்பாடு உண்டாயிற்று. ஆனால் கூலி துண்டுக் கணக்கில் என்றாலோ, மணிக்கு இத்தனை என்று இலக்கு வைக்கப்பட்டாலோ, ஒரு பொத்தானை ஏதேனும் ஒரு துண்டை வைத்து நிரந்தரமாக அழுத்தி நிறுத்திவிட்டு, விடுபட்ட கையால் அடுத்த தகட்டைத் தள்ளும் பழக்கம் பட்டறைகளில் தோன்றிவிடுகிறது. மேற்பார்வையாளருக்கு அது தெரியும். உற்பத்தி குறையாதவரை அவர் பார்க்காதது போலிருப்பார். விரல் நசுங்கிய அன்று பதிவாவது பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி செயலிழக்கச் செய்தார் என்பது மட்டுமே. பதிவில் பொய் இல்லை. ஆனால் இலக்கை வைத்தவரின் செயலுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

உளவியலாளர்களும் இக்காலத்தில் களத்துக்கு வந்தனர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் போர்த்தளவாட ஆலைகளில் வேலைபார்த்த பெண்களின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து கிரீன்வுட், வுட்ஸ் என்ற இருவர் 1919இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து, சிலர் இயல்பிலேயே விபத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் என்னும் கோட்பாடு கிளைத்தது. அத்தகையோரைத் தேர்வு வைத்து விலக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்பினர், அந்நம்பிக்கை பலன் தரவில்லை. எதிர்த்திசையில் மிகப் பயனுள்ள பாடம் இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது. பி-17 குண்டுவீச்சு விமானத்தைத் தரையிறக்கிய விமானிகள், இறக்கைத் தகட்டை மடக்குவதாக எண்ணிச் சக்கரத்தை மடக்கிவிடுவது அடிக்கடி நேர்ந்தது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலாளர், இரண்டு விசைகளும் ஒரே மாதிரியானவை, அருகருகே உள்ளவை என்பதைக் கண்டு, ஒன்றின் பிடியைச் சக்கர வடிவிலும் மற்றதை இறக்கைத் தகட்டின் வடிவிலும் அமைக்கச் செய்தார். கண்ணால் பாராமலே கை வேறுபாட்டை உணர்ந்தது. விமானிகளுக்கு அறிவுரை தேவைப்படவில்லை.

இவ்வளவையும் கூறியபின், தொழிலாளியின் நடத்தையை மாற்றும் முயற்சியே வீண் என்று முடிவு கட்டுவதும் தவறாகும். அம்முயற்சி நேர்மையாக, அளவோடு செய்யப்பட்டபோது என்ன நிகழும் என்பதற்கு நல்ல சான்று 1978இல் வெளியான ஓர் ஆய்வு. ஜூடித் கொமாக்கியும் உடன் ஆய்வாளர்களும் பெரிய ரொட்டித் தொழிற்சாலை ஒன்றின் இரு பிரிவுகளில், எது பாதுகாப்பான செயல் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமாக வரையறுத்தனர். கவனமாக இரு என்று சொல்வதற்குப் பதிலாக, நகரும் பட்டையிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகளுக்கு மேல் எடுக்காதே, கத்தியைத் தீட்டும்போது உடலிலிருந்து விலக்கித் தீட்டு என்பன போன்ற குறிப்புகள் தரப்பட்டன. பாதுகாப்பாக நடந்த செயல்களின் விழுக்காடு எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரைபடமாக ஒட்டப்பட்டது. மேற்பார்வையாளர்கள் சரியாகச் செய்தவரை அங்கேயே பாராட்டினர். ஒரு பிரிவில் 70 விழுக்காட்டிலிருந்து 96க்கும், மற்றதில் 78இலிருந்து 99க்கும் அந்த அளவு உயர்ந்தது. வரைபடத்தையும் பாராட்டையும் நிறுத்தியதும் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. இந்த இறுதி விளைவே ஆய்வின் மிக மதிப்புள்ள பகுதி: நடத்தை தொழிலாளியின் குணத்தில் உறைந்து கிடக்கவில்லை, ஒவ்வொரு நாளும் நிர்வாகம் எதைப் பார்க்கிறது, எதைப் பாராட்டுகிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது.

நடத்தைவழிப் பாதுகாப்பு என்ற பெயரில் இம்முறை அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும் நிறுவனங்களெங்கும் பரவியபோது, அதன் நுட்பம் கரைந்து வணிகச் சரக்காயிற்று. ஒருவரையொருவர் கவனித்துக் குறிக்கும் அட்டைகள், விபத்தில்லா நாள்களைக் காட்டும் பலகைகள், காயம் எதுவும் பதிவாகாத துறைக்குப் பரிசுகள் என அது விரிந்தது. காயமில்லாமைக்குப் பரிசு வைத்தால், குறையும் முதல் பொருள் காயமன்று, காயத்தைச் சொல்லும் துணிவே என்பதைத் தொழிற்சங்கங்கள் தொடக்கத்திலேயே எச்சரித்தன. அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்புத் துறையும் 2012இல் அத்தகைய பரிசுத் திட்டங்கள் பதிவை அடக்கக்கூடும் என்று தன் அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது.

அதைவிடக் கொடிய பாடம் டெக்சஸ் சிட்டியில் கிடைத்திருந்தது. அங்கிருந்த பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று, மீண்டும் இயக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பி, பழைமையான வடிவமைப்புள்ள ஒரு புகைபோக்கி வழியே எரியெண்ணெய் பொங்கி வெடித்தது. 15 பேர் இறந்தனர், 180 பேர் காயமுற்றனர். மட்டத்தைக் காட்ட வேண்டிய அளவுகருவி தவறாகக் காட்டியது. ஆலையை இயக்கிய பணியாளர்களில் சிலர் 29 நாள்களோ அதற்கும் மேலோ விடுமுறையின்றி 12 மணி நேர ஷிப்டில் நின்றவர்கள். தடுக்கி விழுதல், வெட்டுக்காயம் போன்ற தனிநபர் காயங்களின் விகிதம் குறைந்திருந்ததைக் கண்டு, ஆலையின் செய்முறையே பாதுகாப்பாக உள்ளது என்று நிர்வாகம் நம்பிவிட்டதை, ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007இல் சுட்டிக்காட்டியது. கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி இறங்கச் சொல்லித்தரும் நிறுவனம், புகைபோக்கியை மாற்றும் செலவைத் தள்ளிவைக்கலாம் என்பதை ஹைன்ரிச்சின் முக்கோணம் எச்சரிக்கவில்லை.

இந்தியாவில் இவ்வரலாறு வேறொரு வரிசையில் நடந்தது. இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்னும் கட்டளை 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது. அறிவுரை இயக்கம் கடைசியாக வந்தது. இந்தியாவின் தேசியப் பாதுகாப்புக் குழுமம் 1966 மார்ச் 4 அன்று நிறுவப்பட்டதன் நினைவாகவே ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் தொடங்கி ஆலைகளில் பாதுகாப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. உறுதிமொழியும் ஓவியப் போட்டியும் வாசகப் போட்டியும் அமெரிக்க முன்மாதிரியின் சாயலிலேயே நடக்கின்றன. இக்கொண்டாட்டம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னரே, 1984 டிசம்பர் 2, 3 இரவில் போபாலின் யூனியன் கார்பைடு ஆலையில் நச்சுவாயுக் கசிவு நிகழ்ந்தது. நச்சுவாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் கருவி மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது, கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது, அப்பிரிவின் ஆட்கள் எண்ணிக்கை குறைக்கப்பட்டிருந்தது. அங்கும் யூனியன் கார்பைடு நிறுவனம் பின்னாளில் முன்வைத்த விளக்கம், மனக்குறை கொண்ட ஒரு தொழிலாளியின் நாசவேலை என்பதாகவே இருந்தது; 1842ஆம் ஆண்டுத் தீர்ப்பின் குரல் நூற்றுநாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மங்கவில்லை.

போபாலின் அதிர்ச்சியில் 1987இல் திருத்தப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், கடமைகளின் பங்கீட்டை ஓரளவு நேராக்க முயன்றது. பாதுகாப்புக் கருவிகளை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது, கொடுத்ததை அணியாமல் இருக்கக் கூடாது என்று தொழிலாளிக்கு 111ஆம் பிரிவு முன்பே விதித்திருந்தது. திருத்தத்தின் வழியே அதையொட்டி 111-ஏ பிரிவு சேர்ந்து, தம் உடல்நலமும் பாதுகாப்பும் தொடர்பான தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தது. அபாயகரமான செய்முறை நடக்கும் ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 41-ஜி பிரிவு கூறிற்று. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான ஐயம் கொள்ளும் தொழிலாளி, அதை நேராகவோ குழு வழியாகவோ மேலாளருக்கும், அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று 41-எச் பிரிவு கூறிற்று. கிரிஸ்டல் ஈஸ்ட்மன் கேட்ட கேள்விக்கு இந்தியச் சட்டம் அளித்த மிக நெருங்கிய விடை இந்தப் பிரிவே: ஆபத்தைக் கண்டுகொள்வது தொழிலாளியின் கடமை மட்டுமன்று, கண்டதைச் சொல்லி நடவடிக்கை கோருவது அவருடைய உரிமையும் ஆகும். எனினும் அவ்வுரிமை எச்சரிப்பதோடு நின்றது. ஆபத்து உண்மையா என்று முதலில் தீர்மானித்தவர் மேலாளர்; அவர் ஏற்காவிட்டால் விவகாரம் அருகிலுள்ள ஆய்வாளருக்குப் போயிற்று; ஆய்வாளரின் முடிவே இறுதியாக இருந்தது. அதுவரை இயந்திரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை, அதன் முன் நின்று வேலை செய்பவருக்கு அந்தப் பிரிவு தரவில்லை.